ஒடுங்குதலும் ஒடுக்குதலும்: செங்கற்பட்டு வரலாற்றில் ஒரு சொல்லாராய்ச்சி

இறையியல் வகுப்பொன்றில் ஆங்கில நூற்பகுதியைத் தமிழாக்கும் பயிற்சி நடைபெற்றது. அதில் ‘சப்ரெஷன்’ என்னும் சொல் வந்தது. மாணவருள் ஒருவர் ‘அடக்குதல்’ என்றார். மற்றொருவர் ‘ஒடுக்குதல்’ என்றார். மூன்றாமவர் சிறிது தயங்கி ‘அமுக்குதல்’ என்று சொல்லவே, வகுப்பு நகைத்தது. நகைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. மூன்றும் மக்கள் வழக்கில் உள்ள நல்ல தமிழ்ச் சொற்களே. ஆனால் மூன்றும் ஒரே செயலைக் குறிப்பன அல்ல. எந்தச் சொல்லை எவ்விடத்தில் ஆள்வது என்னும் வினா அகராதியோடு முடிந்துவிடுவதுமன்று. நம் செங்கற்பட்டு மாவட்டத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு அவ்வினாவுக்குள் கிடக்கிறது என்பதை அன்று மாணவர்களுக்கு விளக்க நேரம் போதவில்லை. அதனை இங்கே எழுத முற்படுகிறேன்.

‘அடக்குதல்’ என்பது பரந்த சொல். யானையை அடக்குகிறோம், சினத்தை அடக்குகிறோம், கலகத்தை அரசு அடக்குகிறது. இறந்தோரை அடக்கம் செய்கிறோம். நூலின் உள்ளே இருப்பது உள்ளடக்கம். வணிகர் ஒரு பொருளுக்குத் தம் கையிலிருந்து போட்ட தொகை அடக்கவிலை. வள்ளுவர் அடக்கமுடைமைக்குத் தனி அதிகாரமே வகுத்து, ஐம்புலன்களை உள்வாங்குவதற்கு ஆமையை உவமை காட்டினார். யாக்கோபின் நிருபத்தில் நாவை அடக்குதல் பற்றிய பகுதியை நாம் அனைவரும் பிரசங்கித்திருக்கிறோம். ஆக, இச்சொல்லில் ஒரு நற்பண்பும் இருக்கிறது, ஒரு கல்லறையும் இருக்கிறது. ரௌலட் சட்டம் வந்த 1919ஆம் ஆண்டைப் பற்றிப் பேசுகையில் ‘அடக்குமுறை’ என்கிறோம். எழுந்து நிற்கும் ஒன்றைக் கீழே தள்ளுவது அங்கே பொருள். எழுச்சி இல்லாத இடத்தில் அடக்குமுறைக்கு வேலை இல்லை.

‘ஒடுக்குதல்’ அத்தகையதன்று. அது இடத்தைப் பற்றிய சொல். ஒடுக்கமான சந்து என்கிறோம், நோயால் ஒடுங்கிய கன்னம் என்கிறோம். பித்தளைக் குடம் கீழே விழுந்தால் அதில் ‘ஒடுக்கு’ விழுகிறது. ஒடுக்கு எடுப்பதற்கென்றே தெருவில் ஆட்கள் வருவார்கள். உலகம் தன் காரணத்தில் சென்று அடைவதைச் சைவ சித்தாந்தியர் ‘ஒடுக்கம்’ என்பர். அதனை நாம் ஈண்டு விட்டுவிடலாம். பொதுவாகச் சொன்னால், பரந்து இருக்க வேண்டியதைச் சுருங்கச் செய்வதே ஒடுக்குதல். அதற்குக் கலகம் முன்னதாக நிகழ வேண்டியதில்லை. அமைதியாக இருப்பவனையும் ஒடுக்கலாம். அமைதியாக இருப்பவனைத்தான் பெரும்பாலும் ஒடுக்குகிறார்கள்.

‘அமுக்குதல்’ மூன்றாவது. ‘விஷயத்தை அமுக்கிவிட்டார்கள்’ என்னும் தொடரின் பொருளைச் சபைக்குழுவில் ஓராண்டேனும் அமர்ந்த ஆயர் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

இம்மூன்று சொற்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. அடங்கு என்பது அடக்கு என ஆகிறது. ஒடுங்கு என்பது ஒடுக்கு என ஆகிறது. அமுங்கு என்பது அமுக்கு என ஆகிறது. மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறும்பொழுது தன்வினை பிறவினையாகிறது. இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில் திராவிட மொழிகளின் இவ்வியல்பை எடுத்து ஆராய்ந்தார். நம் மாணவர் இதனை இலக்கணத் தேர்வுக்கென மனப்பாடம் செய்து மறந்துவிடுவர். ஆனால் இந்த ஓர் எழுத்து மாற்றத்தில் ஒரு குற்றவாளி தோன்றுகிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘அவர்கள் ஒடுங்கினார்கள்’ என்றால் அங்கே ஒரு தரப்பார் மட்டுமே உண்டு. ‘அவர்களை ஒடுக்கினார்கள்’ என்றால் இரு தரப்பார் உண்டு.

திருமறையின் தமிழ் மொழிபெயர்ப்பில் இச்சொற்கள் எவ்வாறு ஆளப்பட்டுள்ளன என்பதைச் சற்றே பார்ப்போம். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்து, இன்றளவும் நம் சபைகளில் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பையே எடுத்துக்கொள்கிறேன். யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் பார்வோன் இஸ்ரவேலருக்குச் செய்வது ‘ஒடுக்குதல்’. மூன்றாம் அதிகாரத்தில் கர்த்தர் காண்பதும் ‘ஒடுக்குதல்’. மூலத்திலோ இரண்டு இடங்களிலும் வேறு வேறு சொற்கள். முன்னதில் சிறுமைப்படுத்துவதைக் குறிக்கும் ‘ஆனா’ என்னும் வினையும், பின்னதில் நெரித்து அழுத்துவதைக் குறிக்கும் ‘லாகட்ஸ்’ என்னும் வினையும் வருகின்றன. இந்த இரண்டாம் வினை எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்திலும் வருகிறது. பிலேயாமின் கழுதை அவனுடைய காலைச் சுவரோடு சேர்த்து நெருக்கும் இடம் அது. எகிப்தில் நடந்தது என்னவென்று கேட்கும் மாணவனுக்கு அந்தக் காலையும் அந்தச் சுவரையும் காட்டினால் போதும். லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் பிறனை ஒடுக்குவதற்கு எதிரான கட்டளை, கூலிக்காரனின் கூலியை விடியுமட்டும் வைத்துக்கொள்ளாதே என்னும் கட்டளையோடு ஒரே வசனத்தில் சேர்ந்து நிற்கிறது. அங்கே மூலச்சொல் மூன்றாவது ஒன்று, ‘ஆஷக்’ என்பது. உரியதைக் கொடாமல் பறித்துக்கொள்வதைக் குறிப்பது. எபிரெயர் மூன்றாகப் பார்த்ததை நம் மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லால் தந்தது குறை என்று சிலர் கூறலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. உழைப்பைச் சுமத்துவது, இடத்தை நெருக்குவது, கூலியைப் பிடித்துவைப்பது என்னும் மூன்றும் தமிழ்நாட்டுச் சேரியில் ஒரே கை செய்த வேலை. அதனை ஒரு சொல்லால் சொன்னது பொருத்தமே.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் ஒன்பதாம் அதிகாரத்தின் இறுதியில் பவுல் தம் சரீரத்தைத் தாமே ‘ஒடுக்குகிறார்’. கிரேக்க மூலத்தில் அது கண்ணுக்குக் கீழே குத்துவதைக் குறிக்கும் மல்லர் சொல். பார்வோன் செய்தால் பாவமாகவும் பவுல் செய்தால் பக்தியாகவும் விளங்கும் செயலுக்கு நம்மிடம் ஒரே சொல்தான் இருக்கிறது. பேதுருவின் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் தேவனுடைய கைக்குள் ‘அடங்கியிருக்க’ நாம் ஏவப்படுகிறோம். தன்னைத் தான் ஒடுக்குவதற்கும் பிறன் தன்னை ஒடுக்குவதற்கும், தேவனுக்கு அடங்குவதற்கும் ஆண்டைக்கு அடங்குவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சொல் தானாகக் காட்டித் தராது. போதகர்தான் காட்ட வேண்டும். நான் அதனைக் காட்டத் தவறியவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

1990களின் தொடக்கத்தில், குருப்பட்டம் பெற்ற புதிதில், நாவலூரை ஒட்டிய சேரியொன்றில் இருந்த சிறு சபைக்கு நான் அனுப்பப்பட்டேன். இன்று அவ்வழியே செல்வோர் கண்ணாடிச் சுவர் வேய்ந்த கட்டடங்களையே காண்பர். அந்நாளில் நாவலூர், பழைய மாமல்லபுரம் சாலையில் பேருந்து சற்றே நின்று போகும் சிற்றூர். ஏரியும் நெல்வயலும் பனையும் இருந்தன. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதற்கப்பால் மணல், அதற்கும் அப்பால் கடல். பெயரைக் கேட்டுச் சுந்தரர் பிறந்த திருநாவலூர் என்று மயங்குவோர் உண்டு. அது வேறு ஊர், தெற்கே வெகு தொலைவில் உள்ளது. அச்சபையில் ஒரு ஞாயிறன்று பேதுருவின் அந்த வசனத்தை எடுத்து அடக்கத்தைப் பற்றி ஏறத்தாழ முப்பது நிமிடம் பிரசங்கித்தேன். கல்லூரியில் கற்ற கிரேக்கமும் இருந்தது. ஆராதனை முடிந்து கைகொடுக்கும் பொழுது, நாற்று நடும் கூலிவேலை செய்து முதுகு வளைந்துபோன மூதாட்டி ஒருவர், குறை சொல்லும் தொனி சிறிதும் இன்றி, “இன்னும் எம்மாந் அடங்கறது ஐயரே?” என்று கேட்டார்.

அவ்வினாவுக்கு விடை தேடிப் பழைய செய்திகளைப் படிக்கத் தொடங்கியபோதுதான், அவர் நின்றிருந்த இடம் எவ்வாறு ஒடுக்கமாயிற்று என்பது எனக்குத் தெரிய வந்தது.

செங்கற்பட்டுச் சீமை மிராசுமுறையின் தாயகம். ஊரின் நிலத்திலும் அதன் வருவாயிலும் பரம்பரைப் பங்கு உடையோர் மிராசுதார்கள். எல்லிஸ் துரை இவ்வுரிமையைப் பற்றி எழுதிய விளக்கங்கள் 1818இல் அச்சேறின. பயிரிடப்பட்ட வயலோடு மிராசுதாரின் உரிமை நின்றுவிடவில்லை. தரிசின் மேலும் அவர்களுக்கே முதலுரிமை. பல ஊர்களில் சேரி நின்றிருந்த மனையின் மேலும் அவர்கள் உரிமை பேசினர். மாவட்ட மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினராகிய பறையர் குலத்தார் அந்நிலத்தில் உழைத்தனர். கம்பெனி அரசின் 1843ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவர் மற்றொருவருக்கு அடிமை என்னும் உரிமையை நீதிமன்றம் இனி ஏற்காது என்றது. 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் அடிமை வாணிபத்தைக் குற்றமாக்கியது. இவ்வளவில் அடிமைத்தனம் ஒழிந்தது என்று ஏடுகளில் எழுதி முடித்தனர். வயலில் அது ‘படியாள்’ என்னும் பெயரில் தொடர்ந்தது. திருமணத்திற்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடனுக்கு ஈடாக மனிதன் தன் உழைப்பையே எழுதிக் கொடுத்தான்; படியாகக் கிடைத்த தானியத்தில் கடன் அடைவதற்கு வழியில்லை. தந்தையின் கடன் மகனுக்கு வந்தது.

ஒடுக்குதல் என்னும் சொல்லின் இடப்பொருளை இங்கே காணலாம். சேரியைச் சுற்றிலும் மிராசு நிலம். குடும்பம் பெருகினாலும் சேரி பெருக இடமில்லை. தரிசு நிலம் கேட்டு உழைப்பாளி ஒருவன் தர்க்காஸ்து மனு கொடுத்தால், மனு வந்த செய்தி அறிந்த மிராசுதார் தம் முதலுரிமையைக் கோரி அந்நிலத்தைத் தாமே எடுத்துக்கொள்ளலாம். எடுத்த பின் உழ வேண்டும் என்பதுகூட இல்லை. மற்றவன் உழாதிருந்தால் போதும், ஏனெனில் சொந்த நிலம் உடையவன் படியாளாக வரமாட்டான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலோ, கூலியைக் கேட்டாலோ, கிறிஸ்தவனானாலோ, ‘மனையைக் காலி செய்’ என்னும் ஒரு சொல் போதும். பிலேயாமின் காலை நெருக்கிய சுவர் இதுவே. இதில் கலகம் இல்லை, ஆகையால் அடக்குமுறையும் இல்லை. பட்டாளம் வரவில்லை, துப்பாக்கி வெடிக்கவில்லை. வருவாய்த்துறைப் பதிவேடுகளைப் படிப்பவனுக்கு ஊர் அமைதியாக இருந்ததாகவே தோன்றும்.

இந்த அமைதியைக் கலைத்தவர் மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர். 1891இல் அவர் செங்கற்பட்டுப் பறையரைப் பற்றிய தம் குறிப்பை அரசுக்கு எழுதினார். அதற்குப் பின்னணியில் நம் மிஷனரிமாரின் தூண்டுதலும் உண்டு. செங்கற்பட்டில் ஸ்காத்து சுயாதீன சபையின் ஆதம் ஆண்ட்ரூவும், அந்நாளில் இம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவள்ளூர்ப் பகுதியில் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும் மனு, மாநாடு, பத்திரிகை என்று எல்லா வழியாலும் வற்புறுத்தினர். பறையரையும் நிலத்தையும் பற்றி ‘ஹார்வெஸ்ட் ஃபீல்ட்’ இதழில் கௌடி 1894இல் எழுதியது இன்றும் படிக்கத்தக்கது. ஆண்ட்ரூ எழுத்தோடு நில்லாமல், சிங்கப்பெருமாள்கோயிலை அடுத்து மெல்ரோசாபுரம் என்னும் குடியிருப்பையே உண்டாக்கினார். மிஷனரிமாரைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. சபைக்கு ஆள் சேரும் என்னும் கணக்கும் அவர்களிடம் இருந்தது. மிஷன் நிலத்தில் குடியேறியவர் மிஷனுக்கு அடங்கி நடக்க வேண்டியிருந்ததும் உண்மை. சபைக்குள்ளேயே சாதி உட்கார்ந்திருந்தது. பிஷப் டேனியல் வில்சன் 1833இல் அதை நீக்கும்படி எழுதிய பின்னும் அது எழுந்து போகவில்லை. ஆயினும் இவ்விரு மிஷனரிமாரும் ஆட்சியரும் ஒரு காரியத்தைச் செய்தனர். அதுவரை தன்வினையில் எழுதப்பட்டு வந்ததைப் பிறவினையில் எழுதினர்.

அதுவரை எழுதப்பட்டவற்றின் சாரம் இது: இம்மக்கள் ஏழ்மையில் வாழ்கின்றனர், கடனில் மூழ்குகின்றனர், கல்வியில் பின்தங்குகின்றனர். வாழ்தல், மூழ்குதல், பின்தங்குதல் ஆகிய எதிலும் இரண்டாம் தரப்பார் இல்லை. இயற்கையோ சோம்பலோ விதியோ காரணம் என்று வாசிப்பவர் நினைத்துக்கொள்ளலாம். டிரெமன்ஹீரின் குறிப்பு, நிலம் கிடைக்காமல் யார் தடுக்கிறார்கள், எந்த விதியைக் கொண்டு தடுக்கிறார்கள், தடுப்பதால் யாருக்கு ஆதாயம் என்று கேட்டது. வருவாய் வாரியம் அதனை உவந்து ஏற்கவில்லை என்பதில் வியப்பில்லை. அந்தத் தடையைச் செய்த விதிகள் அரசின் விதிகளேயன்றோ? இருப்பினும் 1892 செப்டம்பர் 30ஆம் நாள் வருவாய்த்துறை ஆணை எண் 1010 பிறந்தது. ஆட்சியர் கேட்டதில் ஒரு பகுதிதான் அதில் கிடைத்தது. ஆனாலும் தரிசு நிலத்தை இம்மக்களுக்கென ஒதுக்கும் வழி அதனால் திறந்தது. பின்னாளில் வாரியத்தின் நிலையாணைகளில், அந்நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு எவருக்கும் கைமாற்றக் கூடாது, அதற்குப் பின்னும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு மாற்றக் கூடாது என்னும் நிபந்தனைகள் இடம்பெற்றன. இன்று ‘பஞ்சமி நிலம்’ என வழங்குவது இதுவே. சென்னை மாகாணத்தில் அவ்வாறு வழங்கப்பட்டது ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை. இக்கதையை ஆட்சியரும் மிஷனரியும் மீட்டார்கள் என்று மட்டும் சொல்லி முடித்தால், ஒடுக்கப்பட்டவரை இரண்டாம் முறை வாய்பேசாதவராக்கிவிடுவோம். அதே 1891ஆம் ஆண்டு டிசம்பரில் நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் கூட்டிய திராவிட மகாஜன சபை பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. ‘பறையன்’ என்னும் சொல்லை வசையாக ஆள்வோரைச் சட்டம் தண்டிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தரிசு நிலம் வேண்டும் என்பதும் ஒன்று. சொல்லையும் நிலத்தையும் அவர்கள் ஒரே மூச்சில் கேட்டனர் என்பது நோக்கத்தக்கது. இச்செங்கற்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் எதிர்வழி சென்று, 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். வசையைத் துரத்துவது ஒருவர் வழி. வசையை எடுத்துக் கொடியாகக் கட்டுவது மற்றவர் வழி. இருவரையும் சொல் சுட்டிருக்கிறது. சீனிவாசன் பிற்காலத்தில் சட்டமன்றத்தில் இருந்துகொண்டு, பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லார்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார்.

அந்நாளில் அரசின் ஆங்கிலம் இம்மக்களை ‘டிப்ரெஸ்டு கிளாஸஸ்’ என்றது. பள்ளம் தானாகத் தாழ்ந்திருப்பது போன்ற தோற்றத்தை அச்சொல் தரும். பரங்கிமலையில் பிறந்து, வெஸ்லியன் மிஷன் பள்ளியிலும் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று, ஆசிரியராகப் பணியாற்றிய எம். சி. ராஜா 1925இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலுக்கு ‘தி ஆப்ரெஸ்டு ஹிந்துஸ்’ என்று பெயர் வைத்தார். ஒரு முன்னொட்டு மாறியது, அவ்வளவே. ஆனால் தாழ்ந்து கிடப்போர் என்பது ஒடுக்கப்பட்டோர் என்றாகிவிட்டது. பஞ்சமர் முதலிய பெயர்களை நீக்கி ‘ஆதிதிராவிடர்’ எனப் பதிய வேண்டும் என்று 1922இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரே. தமிழில் ‘தாழ்ந்த சாதியார்’ என்பது மெல்ல மறைந்து ‘தாழ்த்தப்பட்டோர்’ நிலைபெற்றதும் இதே திசையில் நடந்த மாற்றம். ‘தாழ்ந்த’ என்பது ‘தாழ்த்த’ என ஆகும்போது, முன்னர் நாம் கண்ட அதே மெல்லெழுத்து வல்லெழுத்தாகிறது.

எனினும் ‘பட்டோர்’ என்னும் ஈற்றில் ஒரு குறை உண்டு. செயப்பாட்டுவினை, செய்தவன் ஒருவன் இருக்கிறான் என்று ஒப்புக்கொள்ளும். அவன் பெயரைச் சொல்லாது. கல்லூரியில் நாம் எழுதும் கட்டுரைகளில் ‘ஒடுக்கப்பட்டோர்’ நூறு முறை வருகின்றனர். ‘ஒடுக்கினோர்’ ஒரு முறை வருவதும் அரிது. இதை நான் பிறரைக் குறித்துச் சொல்லவில்லை. 1994 அக்டோபர் 10ஆம் நாள் நடந்ததை நினைத்துச் சொல்கிறேன். இம்மாவட்டத்துக் காரணையில் பிறர் கைக்குப் போன பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி மக்கள் போராடினர். அங்கே அவர்கள் நிறுவிய அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அதனை எதிர்த்துச் செங்கற்பட்டில் திரண்டவர்கள் மேல் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் மாண்டனர். ஒடுக்குதலாகத் தொடங்கியது, ஒடுக்கப்பட்டவர் எழுந்து நின்ற அன்று அடக்குதலாக மாறியது. ஒடுக்குதல் நிலத்தில் நூறாண்டு நடந்தது. அடக்குதல் தெருவில் ஒரு நாளில் நடந்து முடிந்தது.

அடுத்த ஞாயிறன்று நான் பீடத்தில் நின்றேன். சபையார் அனைவரும் செய்தியை அறிந்தே வந்திருந்தனர். குறித்த பாடப்பகுதியை வழக்கம்போல் விளக்கினேன். மன்றாட்டு ஜெபத்தில் மாத்திரம், ‘எங்கள் மாவட்டத்தில் நேர்ந்த துயரத்தை நினைத்தருளும்’ என்றேன். ‘நேர்ந்த.’ புயல் நேரும், விபத்து நேரும். என் வாயிலிருந்து வந்த அத்தன்வினை எனக்கு உறைக்கச் சில ஆண்டுகள் ஆயின. ரோமர் முதல் அதிகாரம் 18ஆம் வசனத்தில், சத்தியத்தை ‘அடக்கிவைக்கிற’ மனிதரைப் பற்றிப் பவுல் பேசுகிறார். அங்கே வரும் ‘கதெகோ’ என்னும் கிரேக்கச் சொல்லை ‘பிடித்துக்கொள்ளுதல்’ என்றும் பெயர்க்கலாம். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் நலமானதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லும் இடத்திலும் அதே சொல்தான். சத்தியத்தை இறுகப் பிடித்திருப்பதாக நாம் எண்ணும் வேளையிலேயே அதனை வெளிவராமல் பிடித்துவைத்திருக்கவும் கூடும் போலும். வகுப்பில் மாணவர் சொன்ன ‘அமுக்குதல்’ இதற்கே பொருந்தும்.

லூக்கா நான்காம் அதிகாரத்தில், நாசரேத்து ஜெபாலயத்தில் நம் ஆண்டவர் வாசித்த பகுதியைப் பழைய மொழிபெயர்ப்பு ‘நொறுங்குண்டவர்கள்’ என்று சொல்லும். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘ஒடுக்கப்பட்டோர்’ என்கிறது. மூலத்தில் உள்ளது உடைத்து நொறுக்கப்பட்டதைக் குறிக்கும் சொல். ஆகவே சொல்லுக்குச் சொல் பார்த்தால் பழையதே நெருக்கமானது. மேலும் ‘தலித்’ என்பதன் பொருளும் நொறுங்குண்டவர் என்பதே. 1981இல் அரவிந்த் நிர்மல் பெங்களூரில் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் வளர்ந்தது என்று நாம் வரலாறு கற்பிக்கிறோம். அச்சொல்லின் பொருளோ அதற்கு நூறாண்டுக்கு முன்பே நம் பீடத்தின் மேல் திறந்து கிடந்திருக்கிறது. புதிய சொல்லையும் நான் தள்ளமாட்டேன். நொறுங்குதல் உள்ளத்திலும் நிகழக்கூடியது. அதனால் அவ்வசனத்தை மனமுடைந்தோருக்கு ஆறுதலாக மட்டும் பிரசங்கித்து நாம் தப்பித்துக்கொண்டோம். ‘ஒடுக்கப்பட்டோர்’ என்னும் சொல் அவ்வாறு தப்பிக்க விடாது. ஏசாயா 53ஆம் அதிகாரத்தில் கர்த்தருடைய தாசனும் ‘நெருக்கப்பட்டும் ஒடுக்கப்பட்டும்’ இருக்கிறார். அங்கே முதலில் நிற்கும் எபிரெய வினையின் வேரிலிருந்தே யாத்திராகமத்தில் வரும் ‘ஆளோட்டிகள்’ என்னும் பெயரும் பிறந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அம்மூதாட்டியின் பேரன் என்னைத் தேடி வந்தான். பாட்டி மறைந்து நெடுநாள் ஆகியிருந்தது. நாவலூரில் ஏரிக்கரை ஓரத்து நிலத்தின் விலை, அவனுடைய தந்தை கனவிலும் எண்ணாத அளவுக்கு ஏறியிருந்தது. அவர்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்த பழைய காகிதமொன்றின் நகலைக் கொண்டுவந்திருந்தான். ஓரத்தில் மங்கிய மையில் ‘டி.சி.’ என இரண்டு எழுத்துகள். இதே குறிப்பு, அவன் வாங்கி வைத்திருந்த பிற்காலப் பதிவின் நகலில் இல்லை. ‘விடுபட்டுப்போச்சுன்னு சொல்றாங்க ஐயரே’ என்றான். எழுத்துகளின் விரிவு என்னவென்று கேட்டான், சொன்னேன். தமிழில் என்னவென்று கேட்டான். ‘தாழ்த்தப்பட்ட வகுப்பு’ என்றேன். அவன் மற்றொன்றும் கேட்கவில்லை. 1892ஆம் ஆண்டு ஆணையின் எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னான். எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழக்கறிஞரைப் பார்க்கச் செங்கற்பட்டுப் பேருந்தில் ஏறினான்.